நெஞ்சு கரிக்குது, எதுக்களிக்குது, தொண்டை அடைக்குது: எந்தத் தொந்தரவுக்கு எதைச் சரி பண்ணணும்

மதுரைல ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல பதினேழு வருஷமா நிக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல கடைக்கு வர்றவங்கள்ல நெறைய பேரு கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணே, கேஸ் மாத்திரை குடுங்க". கேட்டவங்கள்ல ஒருத்தருக்கு நெஞ்சு கரிக்கும், இன்னொருத்தருக்கு வயிறு உப்பி பொருமலா இருக்கும், இன்னொருத்தருக்கு பசி நேரத்துல மேல்வயித்துல சுருக்குனு இழுக்கும், ஆனா எல்லாத்துக்கும் ஒரே பேருதான், கேஸ். அது இல்லேன்னா அல்சர். பேரு ஒண்ணா இருக்கறதால மாத்திரையும் ஒண்ணா வாங்கிட்டுப் போறாங்க, அடுத்த வாரம் திரும்பி வர்றாங்க. அதனாலதான் தொந்தரவு வாரியா பிரிச்சு எழுதுறேன், உங்களுக்கு எது பொருந்துதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஆனா முதல் ரெண்டு பகுதிய மட்டும் தாண்டாம படிச்சிருங்க.

உள்ள என்னதான் நடக்குது

வயித்துல சுரக்குற அமிலம் சாதாரணமானது இல்ல, ஹைட்ரோகுளோரிக் ஆசிட். இரைப்பைக்கு உள்பக்கம் கொழகொழன்னு ஒரு சளிப் படலம் இருக்கறதால அதுக்கு ஒண்ணும் ஆகறது இல்ல. உணவுக்குழாய்க்கு அந்த மாதிரி பாதுகாப்பு கெடையாது. ரெண்டும் சேர்ற எடத்துல வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு, அதான் கதவு. முழுங்கும்போது தொறக்கணும், மத்த நேரம் மூடி இருக்கணும். அந்தக் கதவு நேரம் கெட்ட நேரத்துல தொறந்து அமிலம் மேல ஏறினா அதுதான் எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல்.

எனக்கு அமிலம் அதிகமா சுரக்குதுன்னு பல பேரு சொல்றாங்க, ஆனா பெரும்பாலும் சுரக்குற அளவு எல்லாருக்கும் போலத்தான் இருக்கும், இருக்க வேண்டிய எடத்த விட்டு மேல வர்றதுதான் பிரச்சனை. அதோட வயிறு நெறைய நெறைய, இரைப்பையோட மேல் பகுதி விரிஞ்சு, ஏப்பம் விடுறதுக்காக அந்தக் கதவு தானாவே தொறக்கும், அது உடம்போட ஏற்பாடு. அப்ப வயிறு முட்ட சாப்பிட்டா கதவு அடிக்கடி தொறக்கும், அந்த நேரம் பாத்து நீங்க படுத்திருந்தா உள்ள இருக்கறது மேல வரத்தான் செய்யும். இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா கீழ சொல்றது பூராவும் எதுக்குன்னு வெளங்கிரும்.

முதல்ல இதப் பாருங்க: வேர்க்குதா, தாடை இழுக்குதா, மூச்சு வாங்குதா

ஒருநாள் ராத்திரி ஒன்பதரை இருக்கும். ஐம்பது வயசு மதிக்கிற அண்ணன் ஒருத்தர் வந்து கவுண்டர்ல ரெண்டு கையையும் ஊனி நின்னார். தலைக்கு மேல ஃபேன் ஓடுது, ஆனா அவர் சட்டைக் காலர் தொப்பலா நனைஞ்சிருக்கு. "ஈனோ ஒண்ணு குடு தம்பி, பிரியாணி சாப்பிட்டேன், கேஸ் நெஞ்ச அடைக்குது" ன்னார். பேசும்போதே எடது கையால தாடைய தடவிக்கிட்டே இருந்தார், சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் எங்க கடைக்கு வர்றவர் வேற. நான் ஈனோ குடுக்கல. கூட வந்த அக்காகிட்ட விஷயத்தச் சொல்லி, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருந்ததால ஆட்டோ வச்சு நேரா அங்க அனுப்பினேன். ஈசிஜி எடுத்ததும் அட்டாக்னு சொல்லிட்டாங்க, அன்னைக்கே ஸ்டெண்ட் வச்சாங்க.

நெஞ்சுல அழுத்துற மாதிரி, பெல்ட் போட்டு இறுக்குற மாதிரி இருந்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போனாலோ, வேர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ அத கேஸ்னு நெனைக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. மாடி ஏறினா எரியுது, நின்னா சரியாயிருதுன்னா அதுவும் இதயம் சம்பந்தப்பட்டதா இருக்கலாம். ஆன்டாசிட் (அமிலத்த தணிக்கிற மருந்து) குடிச்சதும் கொஞ்சம் லேசாச்சு, அதனால இதயம் இல்லைன்னு முடிவு பண்ணவும் முடியாது. சுகர் இருக்கறவங்க, பொம்பளைங்க, வயசானவங்க, இவங்களுக்கெல்லாம் அட்டாக் வரும்போது பளிச்சுனு வலி இல்லாம வெறும் அசதி, ஓங்கரிப்பு, நெஞ்செரிச்சல்னு மட்டும் வரலாம். ஈசிஜி எடுத்து ஒண்ணுமில்லன்னு வந்தா வீட்டுக்குப் போயி சீரகத் தண்ணி குடிச்சுக்கலாம், தப்பே இல்ல. முதல்ல குடிச்சுப் பாப்போம்னு ஒக்காந்துறாதீங்க.

ராத்திரி படுத்தா தான் எரியுது

இதுதான் எங்க ஊர்ல ரொம்ப சாதாரணம். தூங்கா நகரம்னு பேரு, ராத்திரி பதினோரு மணிக்கும் கொத்து பரோட்டா கல்லுல தட்டுற சத்தம் கேக்கும். கடைய சாத்திட்டு, ஷிப்டு முடிச்சிட்டு, பஸ்ஸ விட்டு எறங்கி சாப்பிடுறவங்க என்ன பண்ணுவாங்க, சாப்பிட்டு அரை மணி நேரத்துல படுக்கத்தான் செய்வாங்க. ஆனா சாதாரண சாப்பாடே வயித்த விட்டு எறங்க மூணு நாலு மணி நேரம் ஆகும், எண்ணெய் ஊத்திப் போட்ட பரோட்டா, சால்னா, ஆம்லெட்னா இன்னும் மெதுவா எறங்கும். இன்னொரு விஷயம், முழிச்சிருக்கும்போது எச்சில முழுங்கிக்கிட்டே இருக்கோம், மேல வந்த அமிலத்த அந்த எச்சில் கழுவி எறக்கிரும். தூக்கத்துல எச்சிலும் கம்மி, முழுங்குறதும் கம்மி, அதனால ராத்திரி ஏறின அமிலம் ரொம்ப நேரம் அங்கயே நிக்கும். பகல்ல வர்ற எரிச்சலவிட ராத்திரி எரிச்சல் உணவுக்குழாய அதிகமா புண்ணாக்குறது இதனாலதான்.

சரி பண்ண வேண்டியதுல முதல் எடம் நேரத்துக்குத்தான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரம் விடுங்க. லேட்டா தான் வீட்டுக்கு வருவேன்னா சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு வேலை எடத்துலயே முக்கால் சாப்பாட்ட முடிச்சிருங்க, வீட்டுக்கு வந்து ரெண்டு இட்லியோ கொஞ்சம் மோர் சாதமோ போதும். அளவு சின்னதா இருந்தா கதவு அவ்வளவா தொறக்காது.

ரெண்டாவது கட்டில். எங்கப்பாவுக்கு ஆறு வருஷமா இந்தத் தொந்தரவு, ராத்திரி ரெண்டு மணிக்கு திடுக்குனு எந்திரிச்சு ஒக்காந்து இருமுவார், வாயெல்லாம் புளிப்பும் கசப்புமா இருக்கும். ரெண்டு தலகாணி வச்சுப் பாத்தோம், மூணு வச்சுப் பாத்தோம், ஒண்ணும் நடக்கல. தலகாணி கழுத்த மட்டும்தான் மடக்கும், அதோட வயிறும் மடங்கி அழுத்தம் கூடத்தான் செய்யும். அப்புறம் தலைமாட்டுப் பக்கம் இருக்கற ரெண்டு கட்டில் காலுக்கும் அடியில, காலுக்கு ரெண்டு செங்கலா படுக்க வாட்டத்துல அடுக்கி வச்சேன், சுமார் ஆறு இஞ்ச் வந்துச்சு. ஆறுல இருந்து எட்டு இஞ்ச் இருக்கணும், அதுவும் தலை மட்டும் இல்ல, கட்டில் முழுக்க தலைல இருந்து கால் வரைக்கும் சரிவா வரணும். கட்டில் வழுக்கிருமோன்னு கால்மாட்டுக் கால் ரெண்டுக்கும் பழைய ரப்பர் மிதியடிய வெட்டிப் போட்டேன். முதல் மூணு நாள் அப்பா கீழ சரிஞ்சு போறேன்னு சத்தம் போட்டார், ஒரு வாரத்துல பழகிருச்சு. நாலாவது வாரம் "ராத்திரி முழிப்பே வரலடா" ன்னு அவரே வந்து சொன்னார். அதுவரைக்கும் அவருக்கு நான் குடுத்த மாத்திரை எத்தனையோ, இந்த நாலு செங்கல் முதல்லயே வச்சிருக்கலாம்னு இன்னைக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குது.

பாய்ல படுக்குறவங்க போர்வைய நாலா மடிச்சு பாய்க்கு அடியில இடுப்புல இருந்து தலை வரைக்கும் படிப்படியா ஒசரமா வர்ற மாதிரி அடுக்கலாம். இல்லேன்னா சாய்வு மெத்தை, சரிவா வெட்டின ஃபோம், கடைல கெடைக்குது.

மூணாவது எடது பக்கமா படுக்கறது. காசில்லாத வைத்தியம் இது. இரைப்பை எடது பக்கமா பெருத்து தொங்குற உறுப்பு, எடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா அமிலம் கீழ தேங்கி நிக்கும், கதவு அதுக்கு மேல ஒசரத்துல இருக்கும். வலது பக்கம் படுத்தா அப்படியே தலைகீழ், கதவு அமிலத்துக்குள்ள முழுகின மாதிரி. முதுகுப் பக்கம் ஒரு தலகாணி அண்டக் குடுத்தா தூக்கத்துல பொரளாம இருக்கலாம்.

குனிஞ்சா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருது

சாப்பிட்ட உடனே ஷூ லேஸ் கட்ட குனியிறது, தரைய தொடைக்கிறது, குத்த வச்சு பாத்திரம் தேய்க்கிறது, இதெல்லாம் வயித்த அழுத்தி உள்ள இருக்கறத மேல தள்ளும். வேலைய விடச் சொல்லல, சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திக்கோங்க. எங்க கடைக்கு வர்ற ஒரு அக்கா மதியச் சாப்பாடு முடிஞ்ச கையோட வீடு பூரா மாப் போடுவாங்களாம், நாலு மணிக்கு நெஞ்சு கரிக்கும்பாங்க, மாப்ப காலைல பதினோரு மணிக்கு மாத்துனதுல பாதி கொறஞ்சிருச்சு.

இறுக்கமும் அதே கதைதான். பாவாடை நாடா, பெல்ட், இறுக்கமான ஜீன்ஸ், இடுப்புல தடம் விழுற அளவுக்கு இருக்கா பாருங்க. தடம் விழுந்தா ஒரு துளை தள்ளிப் போடுங்க. தொப்பையும் உள்ள இருந்து அழுத்துற பெல்ட்தான், எட்டு கிலோ பத்து கிலோன்னு கனவு காணாம மூணு நாலு கிலோ கொறஞ்சாலே வித்தியாசம் தெரியும், இது அனுபவத்துல பாத்தது மட்டும் இல்ல, எடை கொறைக்கிறதுக்கு இந்த நோயில நல்ல ஆதாரம் இருக்கு.

குனியும்போது மட்டும் இல்ல, எதப் பண்ணினாலும் எதுக்களிச்சுக்கிட்டே இருக்குன்னா உதரவிதானத்துல (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசை) இருக்கற ஓட்டை வழியா இரைப்பையோட மேல் பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறி இருக்கலாம், ஹையேட்டஸ் ஹெர்னியான்னு சொல்லுவாங்க. பல பேருக்கு இருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா எண்டோஸ்கோப்பி (வாய் வழியா கேமராக் குழாய விட்டுப் பாக்கறது) மாதிரி டெஸ்டு எடுத்தாத்தான் தெரியும்.

வயித்து மூச்சுப் பயிற்சி ஒண்ணு சொல்றேன், அந்தக் கதவச் சுத்தி உதரவிதானத் தசையும் ஒரு பிடி பிடிச்சுக்கிட்டு இருக்கு, அதுக்கு வேலை குடுத்தா கதவுக்கும் பலம். ஒரு கைய நெஞ்சுல, ஒரு கைய வயித்துல வச்சு மூச்ச இழுங்க, நெஞ்சுல இருக்கற கை அசையாம வயித்துல இருக்கற கை மட்டும் மேல எழும்பணும். அஞ்சு பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, வெறும் வயித்துல. உடனே பலன் எதிர்பாக்காதீங்க, மாசக்கணக்கு ஆகும். சாப்பிட்ட உடனே தலைகீழா நிக்கிற ஆசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் எல்லாம் இந்தத் தொந்தரவு இருக்கறவங்களுக்கு ஆகாது.

சில சாப்பாட்டுக்கு மட்டும் கரிக்குது

இதுல எல்லாருக்கும் ஒரே பட்டியல் குடுக்கறது நியாயமே இல்ல. காரம் சாப்பிடாத, புளி சாப்பிடாத, காபி குடிக்காத, தக்காளி வேண்டாம், வெங்காயம் வேண்டாம்னு சொன்னா அப்புறம் நம்ம வீட்டுல சாப்பிட என்ன இருக்கு, மூணு நாள் பத்தியம் இருந்துட்டு நாலாம் நாள் மொத்தமா விட்டுருவாங்க. ஒரு சின்ன நோட்டு வாங்கி ரெண்டு வாரம் எழுதுங்க: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்ப எரிஞ்சுச்சு, படுத்தேனா ஒக்காந்திருந்தேனா. ரெண்டு வாரத்துல உங்க எதிரி யாருன்னு தெரிஞ்சிரும், அத மட்டும் கொறைங்க. ஒருத்தருக்கு வத்தக்குழம்பு ஆகாது, ரசம் ஒண்ணும் பண்ணாது, இன்னொருத்தருக்கு ரசம் குடிச்சா தாங்காது.

பொதுவா மாட்டுறவங்க: எண்ணெய்ல பொரிச்சது, முந்திரி தேங்காய் அரைச்சு ஊத்துன குருமா, வெறும் வயித்து ஃபில்டர் காபி, சாக்லேட், சோடா, பச்சை வெங்காயம், சாராயம், பீடி சிகரெட். கடைசி ரெண்டும் கதவ நேரடியாத் தளர்த்தும், சிகரெட் எச்சிலையும் கொறைக்கும். புதினாவ வயித்துக்கு நல்லதுன்னு துவையல் அரைச்சு சாப்பிடுறவங்க இருக்காங்க, பொருமலுக்கு சரிதான், ஆனா புதினா சில பேருக்கு கதவத் தளர்த்தி எதுக்களிப்ப கூட்டிவிடும், அதனால நெஞ்சு கரிக்கிறவங்க கவனிச்சுப் பாத்து சாப்பிடுங்க. காபிய விடவே முடியாதுன்னா ரெண்டு இட்லிக்கு அப்புறம் அரை டம்ளர் குடிச்சுப் பாருங்க, நெறைய பேருக்கு இந்த ஒண்ணுலயே சரியாயிருக்கு.

எரிச்சலே இல்ல, ஆனா தொண்டைய செருமிக்கிட்டே இருக்கேன்

இத யாரும் அமிலத்தோட சேத்துப் பாக்கறது இல்ல. காலைல எந்திரிச்சா குரல் கட்டியிருக்கும், தொண்டைல ஒரு உருண்டை நிக்கிற மாதிரி இருக்கும், முழுங்கினா போகாது, வறட்டு இருமல் மாசக்கணக்கா இருக்கும். இருமல் சிரப் மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டே இருப்பாங்க. அமிலம் தொண்டை வரைக்கும் ஏறினா இப்படி ஆகலாம், நெஞ்சுல எரிச்சலே தெரியாம. டீச்சருங்க, பாடுறவங்க, கால் சென்டர்ல பேசுறவங்களுக்கு குரல்தான் பொழப்பு, அவங்க இத விட்டுறக் கூடாது.

ஆனா தொண்டைச் செருமல் எல்லாமே அமிலம்னும் சொல்லிற முடியாது, அலர்ஜி, சைனஸ், தைராய்டு, ஆஸ்துமா, பிபிக்கு குடுக்குற எனலாப்ரில் மாதிரி சில மாத்திரை, எல்லாமே இருமலுக்கு காரணம் ஆகலாம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனை பண்ணி டிபி இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. குரல் கம்மல் மூணு வாரத்துக்கு மேல போனா காது மூக்கு தொண்டை டாக்டர் கண்ணாடி விட்டுப் பாக்கணும், அதுவும் புகையிலைப் பழக்கம் இருந்தா தள்ளிப் போடவே கூடாது.

பல்லு கூசுறதும் இதுல சேத்திதான். அமிலம் வாய் வரைக்கும் வந்தா எனாமல் கரையும். அந்த நேரம் உடனே பல்லு தேய்க்காதீங்க, எளகிப் போன எனாமல பிரஷ் போட்டு உரசின மாதிரி ஆயிரும். வெறும் தண்ணில கொப்புளிச்சிட்டு அரை மணி நேரம் கழிச்சு தேய்ங்க.

பசி நேரத்துல மேல்வயிறு வலிக்குது, சாப்பிட்டா அடங்குது

இது எதுக்களிப்பு மாதிரி இல்ல, இதுதான் நெஜமான அல்சரா இருக்க வாய்ப்பு. நம்ம ஊர்ல நேரத்துக்கு சாப்பிடலேன்னா அல்சர் வரும்னு சொல்லிச் சொல்லியே வளத்துட்டாங்க, ஆனா வயித்துப் புண்ணுக்கு முக்கியமான காரணம் ரெண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமி, அப்புறம் வலி மாத்திரை. அந்தக் கிருமியக் கண்டுபிடிச்ச ஆஸ்திரேலியாக்காரங்க ரெண்டு பேரு, பேரி மார்ஷலும் ராபின் வாரனும். யாரும் நம்பலேன்னு மார்ஷல் 1984ல அந்தக் கிருமிய தானே குடிச்சு, வயித்து அழற்சிய வர வச்சுக் காட்டினார். ரெண்டு பேருக்கும் 2005ல நோபல் பரிசு கெடைச்சுச்சு.

கிருமி இருந்தா ரெண்டு ஆன்டிபயாடிக்கோட பத்துப் பதினாலு நாள் கோர்ஸ், முழுசா முடிக்கணும், பாதில விட்டா கிருமி மருந்துக்கு பழகிரும். மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை ரெண்டுலயும் கண்டுபிடிக்கலாம், ஆனா அமிலத்த அடக்குற பான்டாப்ரசோல் மாத்திரை போட்டுக்கிட்டே டெஸ்டு எடுத்தா கிருமி இருந்தும் இல்லைன்னு வரலாம், ரெண்டு வாரம் முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க. மாசக்கணக்கா கேஸ் மாத்திரை போட்டு மறைச்சுக்கிட்டு இருந்தா கிருமி உள்ளயே ஒக்காந்திருக்கும்.

கைவைத்தியத்துல எது ஒதவும், எது ஆகாது

சீரகத் தண்ணி, ஓமத் தண்ணி, தண்ணியா கடைஞ்ச மோர், இதெல்லாம் பொருமலுக்கும் ஏப்பத்துக்கும் சொகமா இருக்கும், கெடுதல் இல்ல, குடிங்க. ஆனா ஒரே மூச்சுல ஒரு சொம்பு குடிக்காதீங்க, தண்ணியே ஆனாலும் வயிறு விரிஞ்சா கதவு தொறக்கும். வாழைப்பழம், எளநீர், ஓட்ஸ், கஞ்சி பெரும்பாலானவங்களுக்கு ஒத்துக்கும்.

சில்லுனு பால் குடிச்சா உடனே எதமா இருக்கும், ஆனா பால்ல இருக்கற புரதமும் கால்சியமும் கொஞ்ச நேரத்துல அமிலத்த இன்னும் சுரக்க வைக்கும். படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால்னு பழக்கம் இருக்கறவங்க ரெண்டு வாரம் நிறுத்திப் பாருங்க.

சாப்பிட்டு அரை மணி நேரம் சூயிங் கம் மெல்லுறது நல்ல உபாயம், எச்சில் ஊறும், எச்சில்ல இருக்கற பைகார்பனேட் அமிலத்த தணிக்கும். புதினா வாசனை இல்லாத, சர்க்கரை போடாத கம்மா பாத்து வாங்குங்க.

சோடா உப்பு வேண்டாம்னு கெஞ்சிக் கேக்குறேன். ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவுல 1200 மில்லிகிராமுக்கு மேல சோடியம் இருக்கு, ஒரு நாள் முழுக்க 2000க்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிபி, கிட்னி, இதயத் தொந்தரவு இருக்கறவங்க தினமும் கலக்கிக் குடிக்கிறத கண்ணால பாத்திருக்கேன். ஈனோவும் சோடா உப்பு வகையறாதான், என்னைக்காவது ஒருநாளுன்னா சரி. அதிமதுரம் மெல்லுறவங்களும் கவனம், தொடர்ந்து அதிகமா எடுத்தா பிபிய ஏத்தும், பொட்டாசியத்த எறக்கும். ஆப்பிள் சைடர் வினிகர் குடிச்சா அமிலக் கொறைபாடு சரியாகும்னு வீடியோ பாத்துட்டு வர்றாங்க, அதுக்கு நம்பற மாதிரி ஆதாரம் இல்ல, புண்ணான குழாய்ல இன்னொரு அமிலத்த ஊத்துற வேலை அது.

மாத்திரை போடுறேன், கேக்க மாட்டேங்குது

பான்டாப்ரசோல், ஒமிப்ரசோல், ரெண்டுமே சட்டப்படி டாக்டர் சீட்டுக்குத்தான் குடுக்கணும், ஆனா கடலை மிட்டாய் மாதிரி வாங்கிட்டுப் போறாங்க. போடுற நேரந்தான் பாதிப் பேருக்கு தப்பு. அமிலம் சுரக்குற பம்ப் ஓடும்போதுதான் இந்த மருந்து அத அடைக்கும், பம்ப் ஓடுறது சாப்பாடு உள்ள போகும்போது. அதனால காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும், போட்டுட்டு கண்டிப்பா சாப்பிடணும். ராத்திரி எரியும்போது ஒண்ணு போட்டா அந்த நேரத்துக்கு ஒண்ணும் நடக்காது, முழு வேகம் வர மூணு நாலு நாள் ஆகும். அப்ப உடனே எதம் வேணும்னா ஆன்டாசிட் சிரப்தான், ஆல்ஜினேட் சேந்த சிரப்புன்னா இன்னும் நல்லது, அமிலத்து மேல நுரைப் படலமா மெதந்து கதவ அடைச்சு நிக்கும். தைராய்டு மாத்திரை போடுறவங்க ஆன்டாசிட்டுக்கும் அதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க.

அமிலத்த கொறைக்கிற பழைய மாத்திரை ரானிடிடின், அதக் கேட்டு இன்னும் ஆளு வர்றாங்க. என்.டி.எம்.ஏ.ங்கற மாசு அதுல உருவாகுதுன்னு 2019ல தெரிய வந்து, 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல மார்க்கெட்ல இருந்து எடுக்கச் சொன்னாங்க, இந்தியாவுல 2022ல வந்த அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து தூக்கிட்டாங்க. அந்த வகை மருந்து வேணும்னா ஃபமோடிடின் இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

மாத்திரைய நிறுத்தினா டபுளா எரியுது

நோய் முத்திருச்சோன்னு பயந்து மறுபடி மாத்திரைக்கே போயிருவாங்க. நெஜத்துல என்னன்னா, அமிலத்த ரொம்ப நாள் அடக்கி வச்சா உடம்பு அமிலத்த சுரக்கச் சொல்ற காஸ்ட்ரின் ஹார்மோன கூட்டி பம்ப்ப தயாரா வச்சிருக்கும், மாத்திரை நின்னதும் அத்தனையும் ஒண்ணா தொறக்கும். 2009ல டென்மார்க்ல வயித்துக் கோளாறே இல்லாத 120 பேர வச்சு சோதிச்சாங்க, ஒரு கூட்டத்துக்கு 8 வாரம் நெஜ மாத்திரை அதுக்கப்புறம் டம்மி, இன்னொரு கூட்டத்துக்கு மொத்தமும் டம்மி. மாத்திரை நின்னப்புறம் முதல் கூட்டத்துல 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம்னு வந்துச்சு, டம்மி கூட்டத்துல 15 சதவீதம்தான். நோயே இல்லாதவங்களுக்கு, மருந்து நின்னதால வந்த எரிச்சல் அது.

அதனால டக்குனு நிறுத்தாதீங்க. முதல்ல செங்கல், சாப்பாட்டு நேரம், எடது பக்கப் படுக்கை இதெல்லாம் ஒரு மாசம் நெலைப்படுத்துங்க, அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லி டோஸ கொறைச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, இடைல எரிஞ்சா ஆன்டாசிட் வச்சு சமாளிச்சு ரெண்டு நாலு வாரத்துல எறங்கலாம். வருஷக்கணக்கா போடுறவங்களுக்கு பி12, மெக்னீசியம் கொறையலாம், டெஸ்டு பாத்துக்கோங்க. ஆனா இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுறவங்களுக்கு, முன்னாடி ரத்தக் கசிவு இருந்தவங்களுக்கு, பாரெட்ஸ்னு (அமிலம் பட்டு உணவுக்குழாயோட உள்தோல் மாறிப்போறது) சொன்னவங்களுக்கு இந்த மாத்திரை காவல் மாதிரி குடுத்திருப்பாங்க, நான் எழுதினத படிச்சிட்டு அவங்க நிறுத்திறக் கூடாது.

வேற வியாதிக்கு போடுற மாத்திரையும் காரணமா இருக்கலாம்

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், பிபிக்கு ஆம்லோடிபின், எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட், பருவுக்கு டாக்சிசைக்ளின், அப்புறம் இரும்புச் சத்து மாத்திரை. கடைசி மூணையும் ஒரு மடக்கு தண்ணில முழுங்கிட்டு படுத்தா மாத்திரை குழாய்லயே ஒட்டிக்கிட்டு அந்த எடத்தப் புண்ணாக்கும், முழு டம்ளர் தண்ணி குடிச்சு அரை மணி நேரம் ஒக்காந்திருங்க. பிபி மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, மாத்தித் தர டாக்டர்கிட்ட வழி இருக்கு.

கர்ப்பமா இருக்கும்போது ஹார்மோனாலயும், வளர்ற கர்ப்பப்பை அழுத்தறதாலயும் எரிச்சல் வரும், பிரசவம் ஆனதும் பெரும்பாலும் போயிரும். கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை, எடது பக்கப் படுக்கை. சோடா உப்பு வேண்டவே வேண்டாம், எந்த சிரப்னாலும் பாக்குற டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடிங்க தாயி.

சாப்பிடும்போது நெஞ்சுல சிக்குது

போன வருஷம் ஒரு அம்மா ஆன்டாசிட் சிரப் வாங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. மூணாவது பாட்டில் கேக்கும்போது "எரிச்சல் இப்ப இல்ல தம்பி, சோறு தான் எறங்க மாட்டேங்குது, கொழைச்சு தண்ணி ஊத்திக்கிட்டா போகுது" ன்னாங்க. சேலைக்கு மேல கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு தெரிஞ்சுச்சு. சிரப்ப எடுக்காம அவங்க மகன் நம்பர வாங்கி நானே பேசினேன். நல்லவேளை, வருஷக்கணக்கா அமிலம் பட்டு தழும்பாகி குழாய் சுருங்கியிருந்துச்சு, புத்துநோய் இல்ல, பலூன் விட்டு விரிச்சு விட்டாங்க. எரிச்சல் தானா நின்னு சோறு சிக்க ஆரம்பிச்சா அது குணம் ஆகறது இல்ல.

சோறு சிக்குறது, முழுங்கினா வலிக்கிறது, காரணம் இல்லாம எடை எறங்குறது, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம் போறது, ரத்தசோகை, வாந்தி நிக்காம இருக்கறது, ஐம்பத்தஞ்சு வயசுக்கு மேல புதுசா இந்தத் தொந்தரவு ஆரம்பிக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் மேல சொன்ன எதையும் முயற்சி பண்ணாம எண்டோஸ்கோப்பிக்குப் போங்க. ரத்த வாந்தியும் கருப்பு மலமும் அன்னைக்கே போக வேண்டிய விஷயம். (இரும்பு மாத்திரை போட்டாலும் மலம் கருப்பா போகும், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தமா இருக்காது.)

எண்டோஸ்கோப்பிக்கு பயந்தே நெறைய பேரு போறது இல்ல. முந்தின ராத்திரியோட சாப்பாட்ட நிறுத்தணும், எத்தனை மணி நேரம்னு அவங்களே சொல்லுவாங்க. தொண்டைல மரத்துப் போற ஸ்ப்ரே அடிப்பாங்க, கசக்கும். எடது பக்கமா படுக்க வச்சு, பல்லுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் வளையம் குடுத்து, சுண்டு வெரல் தடிமன்ல ஒரு குழாய விடுவாங்க. ஓங்கரிப்பு வரும், மூக்கு வழியா மூச்சு இழுத்துக்கிட்டே இருந்தா தாங்கிரலாம், மூச்சுக்கு தடை இருக்காது. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். மயக்க ஊசி வேணும்னு கேட்டா குடுப்பாங்க, அப்ப கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்க, வண்டி ஓட்டக் கூடாது. முடிஞ்ச உடனே தாகமா இருக்குன்னு தண்ணியக் குடிச்சிராதீங்க, தொண்டை மரப்பு போறதுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், அதுக்குள்ள குடிச்சா புரை ஏறிரும்.